மேசைமேல் ஒரு தண்டவாளம்: வரைந்தவர்கள் யார், உரிமை கோரியவர்கள் யார்?

2008 ஓகஸ்ட் 13ஆம் திகதி அமெரிக்காவின் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று ஒரு தீர்ப்பு வழங்கியது. வழக்கின் பொருளைக் கேட்டால் சிரிப்பு வரும். விளையாட்டு றெயில்! மேசைமேல் ஓடுகிற, உள்ளங்கைக்குள் அடங்குகிற எஞ்சின்களைக் கணினி வழியே ஓட்டுவதற்குப் பொழுதுபோக்காளர்கள் சிலர் ஒரு மென்பொருளை எழுதி இலவசமாகப் பகிர்ந்திருந்தார்கள். அதிலிருந்த கோப்புகளை ஒரு நிறுவனம் எடுத்துத் தன்னுடைய விற்பனைப் பொருளுக்குள் போட்டுக்கொண்டது. அது சரியா பிழையா என்பதுதான் கேள்வி.

தீர்ப்பு றெயிலோடு நிற்கவில்லை. இலவசமாகத் தரப்பட்ட மென்பொருளுக்கும் நிபந்தனைகள் உண்டு, அவற்றை மீறினால் அது பதிப்புரிமை மீறலாகலாம் என்று அந்த நீதிமன்றம் சொன்னது. இண்டைக்கு எங்கட கைபேசியிலும் பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலும் ஓடுகிற திறந்த மூல மென்பொருட்களின் உரிமங்கள் வெறும் நல்லெண்ண வேண்டுகோள்கள் அல்ல, சட்டத்தின் முன் நிற்கக்கூடியவை எண்டு சொல்ல வழி திறந்த தீர்ப்புகளில் இது முக்கியமானது.

இவ்வளவு பெரிய கேள்வி ஏன் ஒரு பொழுதுபோக்கிலிருந்து வந்தது? அதை விளங்கிக்கொள்ள, மேசைமேல் தண்டவாளத்தை எப்படி வளைப்பது என்று மனிதர்கள் தலையை உடைத்துக்கொண்ட நூற்றுச்சொச்ச வருடக் கதைக்குள் போகவேண்டும். அது கணினியின் கதையோடும் பின்னிப் பிணைந்த கதை. தொழில்நுட்ப வரலாறு எண்டால் நிறுவனங்களின் பெயரையும் கோடீஸ்வரர்களின் பெயரையும் அடுக்குவது எண்டு எங்களுக்குப் பழகிப்போச்சு. இந்தக் கதையிலை அப்படி யாரும் பெரிசாக இல்லை.

பெட்டிக்குள் வந்த வளைவு

விளையாட்டு றெயில்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இருந்தன. அவற்றில் பல தண்டவாளமே இல்லாமல் தரையில் உருண்டன. 1891இல் ஜேர்மனியின் மார்க்லின் நிறுவனம் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் காட்டிய பொருள்தான் திருப்பம். சாவி கொடுத்தால் ஓடுகிற ஒரு றெயில், எட்டு வடிவத்தில் ஒரு பாதை. அதில் விசேஷம் எஞ்சின் அல்ல, பாதை. துண்டு துண்டாக வாங்கலாம், பொருத்தலாம், அடுத்த வருடம் இன்னும் நாலு துண்டு வாங்கி நீட்டலாம். பாதையின் அகலங்களையும் அந்நிறுவனம் ஒழுங்குபடுத்தி இலக்கமிட்டது.

வியாபாரமாக இது கெட்டிக்காரத்தனம். ஒருமுறை வாங்கியவர் திரும்பத் திரும்ப அதே கடைக்கு வரவேண்டும். ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது. வளைவின் கேத்திரகணிதத்தைத் தீர்மானிக்கும் வேலை பிள்ளையின் கையிலிருந்து தொழிற்சாலைக்குப் போனது. வளைவின் ஆரை எவ்வளவு, ஒரு துண்டு எத்தனை பாகை, பாதை பிரிகிற இடத்தில் எந்தக் கோணம் எல்லாம் பெட்டிக்குள் முடிந்துவிட்ட விஷயங்கள். நீங்கள் செய்யக்கூடியது அந்தத் துண்டுகளை எந்த வரிசையில் வைப்பது என்பது மட்டும்.

பிற்காலத்து அமெரிக்க உதாரணம் ஒன்று. எச்.ஓ. என்ற அளவிடை 1க்கு 87. அதாவது உண்மையான றெயிலை 87 மடங்கு சுருக்கினால் வருவது. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீற்றர். இதில் மிகப் பரவலான வளைவுத் துண்டின் ஆரை 18 அங்குலம், ஒவ்வொன்றும் 30 பாகை. 12 துண்டு வைத்தால் ஒரு வட்டம். 4 அடிக்கு 8 அடி ஒட்டுப்பலகையில் ஒரு நீள்வட்டம் வசதியாக உட்காரும். அமெரிக்காவில் எத்தனையோ வீடுகளின் நிலவறைகளில் அந்தப் பலகை விரிந்தது.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். றெயில் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. அரை மணித்தியாலத்தில் யாருக்கும் அலுத்துவிடும். எங்கிருந்து எங்கே போகிறது இந்த றெயில்?

கவராயமும் சதுரங்களும்

1934இல் மில்வோக்கி நகரில் ‘மொடல் றெயில்றோடர்’ சஞ்சிகை தொடங்கியது. அடுத்த வருடமே அதே நகரில் மாதிரி றெயில்காரர்களின் தேசிய சங்கம் உருவானது. சக்கரத்தின் விளிம்பு எவ்வளவு, தண்டவாளத்தின் இடைவெளி எவ்வளவு என்று பொதுவான நியமங்களை இந்தச் சங்கம் வகுத்தது. ஒருவர் செய்த பெட்டி இன்னொருவரின் பாதையில் ஓடவேண்டுமே! நியமத்தை வகுத்தது அரசாங்கமும் இல்லை, ஒரு தனி நிறுவனமும் இல்லை. பாவிக்கிற ஆக்கள் கூடி எழுதினார்கள். இந்தப் பழக்கம் பின்னால் பெரிதாக உதவும்.

1956இல் லின் வெஸ்ற்கொட் 101 பாதைத் திட்டங்களைத் தொகுத்து ஒரு புத்தகமாக வெளியிட்டார். உங்கட அறைக்குப் பொருந்துகிற ஒன்றைத் தெரிந்துகொண்டு அப்படியே கட்டலாம். ஆனால் 1963இல் வந்த இன்னொரு புத்தகம் வேறு மாதிரிக் கதைத்தது. அதை எழுதியவர் ஜோன் ஆம்ஸ்ட்ரோங், தொழிலால் இயந்திரப் பொறியியலாளர். அவர் ஆயத்தத் திட்டங்களை முதன்மைப்படுத்தவில்லை. திட்டமிடும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். முதலில் இரண்டு பட்டியல் போடச் சொன்னார். மாற்ற முடியாதவை ஒரு பக்கம்: அறையின் நீள அகலம், கதவு எங்கே, யன்னல் எங்கே. ஆசைகள் மறுபக்கம்: எந்த நிலப்பரப்பு, எந்தக் காலம், பயணிகளா சரக்கா. இரண்டுக்கும் நடுவில்தான் திட்டம் பிறக்கிறது.

அடுத்தது அவரின் புகழ்பெற்ற சதுர முறை. உங்கட பாதையின் மிகக் குறைந்த வளைவு ஆரையை எடுங்கோ. அதோடு பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு பாதைகளுக்கு இடையிலான தூரத்தின் இரண்டு மடங்கைக் கூட்டுங்கோ. வருவது ஒரு சதுரத்தின் பக்கம். ஆரை 60 சென்ரிமீற்றர், பாதை இடைவெளி 5 சென்ரிமீற்றர் என்றால் சதுரம் 70 சென்ரிமீற்றர். இப்போது அறையை இந்தச் சதுரங்களால் அளவுங்கோ. 2.8 மீற்றருக்கு 3.5 மீற்றர் அறை எண்டால் 4க்கு 5 சதுரம். கால்வட்டத் திருப்பத்துக்கு ஒரு சதுரம் வேணும், அரைவட்டத் திருப்பத்துக்கு இரண்டு சதுர அகலம் வேணும். இவ்வளவுதான். ஒரு கோடு கீறுமுன்னரே எது முடியும், எது முடியாது என்று தெரிந்துவிடும். கல்குலேற்றர்கூட இல்லாத காலத்தில் இது ஒரு கணிப்புமுறை. கடதாசியில் ஓடிய மென்பொருள் என்றே சொல்லலாம்.

இது எவ்வளவு கடினமான விளையாட்டு என்பதை எங்கட மலைநாட்டை வைத்தே பார்க்கலாம். மலையகப் பாதையின் ஏற்றம் 44க்கு 1. இறுக்கமான வளைவுகள் 5 சங்கிலி ஆரை, கிட்டத்தட்ட 100 மீற்றர். நிஜத்தில் அது மிக நெருக்கமான வளைவு, பெட்டிகள் கிறீச்சிட்டுக்கொண்டுதான் திரும்பும். அதையே 87 மடங்கு சுருக்கினால் ஆரை 1.15 மீற்றர். அரைவட்டம் திரும்ப 2.3 மீற்றர் அகலம் வேணும். 4 அடிப் பலகையின் அகலமோ 1.22 மீற்றர். ஏற்றத்தைப் பாருங்கோ: ஒரு பாதை இன்னொரு பாதைக்கு மேலால் கடக்க ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் உயரவேண்டும். 44க்கு 1 என்றால் அதற்கு 4.4 மீற்றர் ஓட்டம், திரும்ப இறங்க இன்னொரு 4.4 மீற்றர். முழுப் பலகையையும் ஒருமுறை சுற்றினாலே 6 மீற்றர் வராது.

ஆகவே மேசைமேல் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள். வளைவை இறுக்குவார்கள், ஏற்றத்தைக் கூட்டுவார்கள், சுருள் சுருளாக ஒரே இடத்தில் சுற்றி மேலே ஏறுவார்கள். கடைசி உபாயம் எங்களுக்குப் புதிதல்ல. தெமோதரையில் றெயில் நிலையத்தை விட்டு வெளிக்கிட்டு, மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்குக் கீழே சுரங்கத்துக்குள்ளால் போகிறது. இடமில்லாத இடத்தில் உயரத்தை இழப்பதற்கு உண்மையான பொறியியலாளர்கள் கண்ட வழியும் மாதிரி றெயில்காரர் கண்ட வழியும் ஒன்றுதான்.

மேசைக்குக் கீழே

இதே காலத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் கழகம் இருந்தது. 1946–47 கல்வியாண்டில் தொடங்கிய மாதிரி றெயில் கழகம். அவர்களின் இடம் 20ஆம் இலக்கக் கட்டடம். இரண்டாம் உலகப்போரில் ராடர் ஆராய்ச்சிக்காக 1943இல் அவசரமாகக் கட்டிய மரக் கட்டடம். தற்காலிகம் என்று கட்டியது 1998இல்தான் இடிக்கப்பட்டது.

கழகத்துக்குள் இரண்டு சாதி. ஒரு பகுதி மேசைக்கு மேலே: மலை, மரம், வீடு, எஞ்சினுக்குப் பூச்சு. மறுபகுதி மேசைக்குக் கீழே: கம்பி, ஆளி, றிலே. சமிக்ஞை, மின்சக்தி உபகுழு என்று அவர்களுக்குப் பெயர். பல எஞ்சின்களைப் பல ஆட்கள் ஒரே பாதையில் ஓட்டவேண்டும். எந்தத் துண்டுப் பாதைக்கு யாருடைய மின்சாரம் போகவேண்டும் என்று ஏதோவொன்று தீர்மானிக்கவேண்டும். தொலைபேசித் தொழிற்சாலை நன்கொடையாகக் கொடுத்த பாகங்களைக் கொண்டு அந்த ‘ஏதோவொன்றை’ அவர்கள் கட்டினார்கள். 1962 அளவில் அதில் ஏறத்தாழ 1200 றிலேக்கள் இருந்தன. கணினி என்று பெயர் வைக்காத ஒரு கணினி.

நல்ல குறுக்குவழித் தீர்வு ஒன்றுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஹக்’. செய்பவர் ‘ஹக்கர்’. 1959இல் பீற்றர் சாம்சன் தொகுத்த கழக அகராதியில் அந்தச் சொல் இருக்கிறது. இண்டைக்குக் கள்ளனுக்குச் சொல்லுற சொல், அண்டைக்குக் கெட்டிக்காரனுக்குச் சொன்ன சொல். கழகத்தின் பழைய உறுப்பினரான ஜக் டெனிஸ் இந்தப் பொடியன்களுக்கு ரி.எக்ஸ்.-0 என்ற கணினியை அறிமுகப்படுத்தினார். அவர்கள் மேசைக்குக் கீழிருந்து எழும்பி நேரே கணினி அறைக்குப் போனார்கள். 1962இல் வந்த ‘ஸ்பேஸ்வோர்’ என்ற ஆரம்பகாலக் கணினி விளையாட்டை எழுதிய ஸ்ரீவ் ரசலும் இந்தக் கழகத்து ஆள்தான். எழுதிய நிரலை இலாச்சிக்குள் வைப்பார்கள். யாரும் எடுத்துத் திருத்தலாம், நீட்டலாம், திருப்பி வைக்கலாம். தண்டவாளம் எப்படிக் கழகத்துக்குப் பொதுவோ அப்படி நிரலும் பொது. இந்தப் பண்பாட்டை ஸ்ரீவன் லெவி 1984இல் எழுதிய புத்தகத்தில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

இதைப் பொற்காலமாகப் பாட வேண்டியதில்லை. அந்த உலகத்தில் பெண்கள் இல்லை. லெவியே அதைச் சொல்கிறார். ரி.எக்ஸ்.-0 இராணுவ ஆராய்ச்சிக்காக உருவான ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. கழக அறையின் திறப்பு கையில் கிடைக்க 40 மணித்தியாலம் வேலை செய்திருக்கவேண்டும். அந்த நேரம் யாரிடம் இருந்தது, யாரிடம் இருக்கவில்லை என்று நாங்கள் கேட்கத்தான் வேணும். ‘எல்லாருக்கும் பொது’ என்று சொல்லும்போது அந்த ‘எல்லாரும்’ யார் என்பது எந்தக் காலத்திலும் கேட்கவேண்டிய கேள்வி.

திரைக்கு வந்த பாதை

1963இல், ஆம்ஸ்ட்ரோங்கின் புத்தகம் வந்த அதே வருடத்தில், ஐவன் சதர்லன்ட் எம்.ஐ.ரி.யில் தன் கலாநிதிப் பட்ட ஆய்வைச் சமர்ப்பித்தார். ‘ஸ்கெச்பாட்’ என்ற அவரது நிரலில் ஒளிப்பேனாவால் திரையில் கோடு வரையலாம். இந்தக் கோடு அந்தக் கோட்டுக்குச் சமாந்தரமாக இருக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டால் கணினி அதைக் காப்பாற்றும். கணினியில் வரைபடம் தயாரிக்கும் கலையின் தொடக்கம் அது. வீட்டு மேசைக்குக் கணினி வர இன்னும் ஏறத்தாழ இருபது வருடம் பிடித்தது. வந்த பிறகு, கட்டடக் கலைஞர்களுக்கு அடுத்தபடி அதை ஆசையோடு பிடித்துக்கொண்டவர்களில் மாதிரி றெயில்காரரும் அடக்கம். 1980கள், 90களில் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு மென்பொருள் வரத் தொடங்கியது.

இவை என்ன செய்கின்றன? முதலாவது, நூலகம். ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் ஒவ்வொரு தண்டவாளத் துண்டும் சரியான அளவோடு உள்ளே இருக்கும். எடுத்துத் திரையில் வைத்தால் முனையோடு முனை ஒட்டும். இரண்டாவது, உண்மை சொல்லுதல். கடதாசியில் கவராயத்தால் கீறும்போது இரண்டு முனையும் சந்திப்பது போலத்தான் தெரியும். பென்சில் கோட்டின் தடிப்பு, கண்ணின் ஆசை எல்லாம் சேர்ந்து ஏமாற்றும். பாதை பிரிகிற ‘பொயின்ற்ஸ்’ எப்போதும் நினைத்ததை விடக் கூட இடம் பிடிக்கும். மென்பொருள் முகத்துக்கு நேரே சொல்லும்: ‘7 மில்லிமீற்றர் இடைவெளி, 2 பாகை வித்தியாசம், பொருந்தாது.’ மூன்றாவது, உயரம். இரண்டு புள்ளிகளின் உயரத்தைக் கொடுத்தால் நடுவில் எத்தனை வீத ஏற்றம் என்று காட்டும். நாலாவது, எல்லாம் முடிந்ததும் முழுப் பாதையையும் உண்மை அளவிலேயே கடதாசிகளில் அச்சிட்டு, ஒட்டி, பலகையில் விரித்து, அதன்மேலேயே தண்டவாளத்தை ஆணியடிக்கலாம்.

வளைவுக்குள் நுழைகிற இடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நேர்கோட்டிலிருந்து நேரடியாக வட்டத்துக்குள் போனால் பெட்டிகள் ஒரு கணத்தில் பக்கவாட்டில் உதறும். உண்மையான றெயில் பாதையில் அப்படிச் செய்வதில்லை. வளைவு கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு போகும் ஒரு இடைமாறு வளைவு நடுவில் இருக்கும். பழைய ஆட்கள் இதற்கு ஒரு மெல்லிய தடியை வளைத்து அதன் ஓரத்தால் பென்சிலை ஓட்டினார்கள். தடி தானாகவே சரியான வடிவத்துக்குக் கிட்டவாக வளையும். இப்போது அந்தத் தடியின் வேலையைக் கோர்னு சுருள் என்ற கணிதம் செய்கிறது. தடியைத் தெரிந்தவருக்குக் கணிதம் ஏன் என்று விளங்கும். தெரியாதவருக்கு அது இன்னொரு பொத்தான்.

ஆனால் நூலகம் யாருடையது? இங்கேதான் மார்க்லின் காலத்துக் கதை திரும்ப வருகிறது. சில தண்டவாள நிறுவனங்கள் திட்டமிடும் மென்பொருளை இலவசமாகவே தருகின்றன. உள்ளே அந்த நிறுவனத்தின் துண்டுகள் மட்டும் இருக்கும். நெதர்லாந்தின் ‘எனிறெயில்’, பல்கேரியாவின் ‘ஸ்கார்ம்’ போன்றவை பல நிறுவனங்களின் துண்டுகளையும் தருகின்றன, பாவிக்கவும் இலகு. முழுமையாகப் பாவிக்கக் காசு கட்டவேண்டும். எனிறெயிலின் இலவசப் பதிப்பு 50 துண்டோடு நின்றுவிடும். அவற்றை எழுதியவர்களுக்கும் வயிறு உண்டு, அது குற்றமில்லை.

வேறு வழியில் போனவை இரண்டு. ‘எக்ஸ்.ட்ராக்.கட்’ என்பதை டேவ் புல்லிஸ் என்பவர் எழுதி, ‘சில்லுப்’ என்ற பெயரில் விற்றுவந்தார். அவரின் பெயரை ஆங்கிலத்தில் பின்னாலிருந்து வாசித்தால் வருவது அது! பிறகு அது திறந்த மூலமாக விடப்பட்டது. அதன்பின் தன்னார்வலர்கள் கை மாறிக் கை மாறி வளர்த்து வருகிறார்கள். கோர்னு வளைவும் அப்படிச் சேர்ந்ததுதான். மற்றது பிரித்தானியாவின் ‘ரெம்ப்ளொட்’. மார்ட்டின் வைன் எழுதி முதலில் விற்றார், பின்னர் இலவசமாக்கினார், பின்னர் மூலநிரலையும் திறந்துவிட்டார். அது துண்டுகளை ஒட்டுகிற மென்பொருள் அல்ல. தண்டவாளத்தைக் கையால் செய்கிறவர்களுக்கான அச்சுப்படிவங்களை வரைகிற மென்பொருள்.

அது ஏன் தேவைப்பட்டது? பிரித்தானியாவின் பரவலான அளவிடை 1க்கு 76, தண்டவாளமோ எச்.ஓ.வின் அதே 16.5 மில்லிமீற்றர். கணக்குப் பார்த்தால் உண்மையான பாதை 1435 மில்லிமீற்றர் இருக்கவேண்டிய இடத்தில் 1257தான் வருகிறது. றெயில் ஒடுங்கிய தண்டவாளத்தில் ஓடுவது போலத் தெரியும். அது பொறுக்காதவர்கள் 18.2 என்றும் 18.83 என்றும் தங்களுக்கென்று அகலங்களை வகுத்துக்கொண்டார்கள். எங்களுக்கு இது இன்னும் கிட்டவான விஷயம். இலங்கையின் அகலப்பாதை 1676 மில்லிமீற்றர். 1க்கு 76இல் அது 22 மில்லிமீற்றர். எச்.ஓ.வில் 19ஐக் கொஞ்சம் தாண்டும். பெரிய நிறுவனங்கள் இந்த அகலத்தில் ஆயத்தத் தண்டவாளம் விற்பதில்லை. மூடிய நூலகத்துக்குள் தேடினால் எங்கட பாதை இல்லை. அகலத்தை நீங்களே சொல்லலாம் என்று விடுகிற மென்பொருளில்தான் மாகோவும் கொடிகாமமும் சரியான அளவில் வரையப்பட முடியும். அதே பிரச்சினை அயர்லாந்துக்காரருக்கும் இருந்தது; அவர்கள் 21 மில்லிமீற்றரில் கையால் கட்டுகிறார்கள்.

இது வெறும் அளவுப் பிடிவாதம் இல்லை. 1963இல் பிரித்தானியாவில் பீச்சிங் அறிக்கை 2363 நிலையங்களையும் ஏறத்தாழ 5000 மைல் பாதையையும் மூடப் பரிந்துரைத்தது. மூடப்பட்ட சின்னச் சின்ன நிலையங்களை, எந்தக் கிளைப்பாதை எங்கே பிரிந்தது, சரக்குக் கொட்டகை எந்தப் பக்கம் என்று பழைய வரைபடங்களைப் பார்த்து மேசைமேல் திரும்பக் கட்டியவர்கள் ஏராளம். அழிந்த பாதையின் திட்டம் ஒரு ஆவணம். வடக்குப் பாதை 1990இல் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்டோபரில்தான் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. இடையில் ஒரு தலைமுறை கோச்சியைக் காணாமல் வளர்ந்தது. புதுப் பாதை வந்தது. பழைய நிலையங்களில் பாதைகள் எப்படிப் பிரிந்திருந்தன என்பது வயதானவர்களின் ஞாபகத்தில் இருக்கிறது. அந்த ஞாபகத்தை அளவோடு வரைந்து வைக்க ஒரு கருவி இலவசமாகக் கிடைக்கிறது என்பது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

வழக்கு

இப்போது 2008க்குத் திரும்பலாம். கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியரான றோபேர்ட் ஜேக்கப்சன், இன்னும் பல தன்னார்வலர்களோடு சேர்ந்து ஜே.எம்.ஆர்.ஐ. என்ற திறந்த மூல மென்பொருளை வளர்த்து வந்தார். அதில் பாதையைத் திரையில் வரையலாம். வரைந்த படமே பிறகு கட்டுப்பாட்டுப் பலகையாகும். படத்தில் பொயின்ற்ஸை அழுத்தினால் மேசையில் பாதை மாறும். எஞ்சினுக்குள் இருக்கும் சின்னச் சில்லை நிரற்படுத்தும் பகுதியும் அதில் உண்டு. சந்தையில் இருக்கும் நூற்றுக்கணக்கான சில்லுகளுக்கும் தனித்தனி விவரக் கோப்பு வேணும். அவற்றைப் பாவனையாளர்களே பொறுமையாக எழுதிச் சேர்த்தார்கள்.

இதே துறையில் மென்பொருள் விற்ற மத்தியூ காட்சர் என்பவரின் நிறுவனத்திடம் ஒரு ஆக்கவுரிமை இருந்தது. 2005இல் ஜேக்கப்சனுக்குக் கடிதம் போனது: உங்கள் மென்பொருள் எங்கள் ஆக்கவுரிமையை மீறுகிறது, 2 இலட்சம் டொலருக்கு மேல் கட்டு. இலவசமாகத் தருகிற ஒன்றுக்கு! 2006 மார்ச்சில் ஜேக்கப்சன் வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போது இன்னொன்று வெளிச்சத்துக்கு வந்தது. அந்த நிறுவனத்தின் பொருளுக்குள் ஜே.எம்.ஆர்.ஐ.யின் விவரக் கோப்புகள் இருந்தன. எழுதியவர்களின் பெயர் இல்லை, பதிப்புரிமைக் குறிப்பு இல்லை, எங்கிருந்து எடுத்தது, என்ன மாற்றியது என்ற விவரம் இல்லை. உரிமம் கேட்டது இவ்வளவும்தான், காசு கேட்கவில்லை.

2007இல் கீழ் நீதிமன்றம் தடையுத்தரவு தர மறுத்தது. உரிமத்தை மீறுவது வெறும் ஒப்பந்த மீறல் என்பது அதன் பார்வை. இதன் விளைவை யோசிச்சுப் பாருங்கோ. ஒப்பந்த மீறலுக்கு நட்டஈடு காசில் அளக்கப்படும். இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு என்ன நட்டம்? பூச்சியம். அப்ப யாரும் யாருடைய திறந்த மூல உழைப்பையும் பெயரை அழித்துவிட்டு விற்கலாம்.

மேன்முறையீட்டில் கிரியேட்டிவ் கொமன்ஸ், விக்கிமீடியா, லினக்ஸ் போன்ற அமைப்புகள் ஜேக்கப்சன் பக்கம் நின்று நீதிமன்றத்துக்கு எழுதின. பொம்மை றெயிலைக் காப்பாற்ற அல்ல. தங்கட காலுக்குக் கீழே இருக்கிற நிலத்தைக் காப்பாற்ற. நீதிமன்றம் கீழ் நீதிமன்றத்தின் பார்வையை ஏற்கவில்லை. இலவசமாகக் கொடுப்பவருக்கும் அதில் நலன் உண்டு. பெயர் பரவுவது, மற்றவர்கள் திருத்தித் தருவதால் ஆக்கம் வளர்வது எல்லாம் பெறுமதிதான். பெயரைக் குறிப்பிடு என்ற நிபந்தனை பதிப்புரிமையால் காக்கப்படக்கூடியது என்றது. அந்த ஆக்கவுரிமையை நிறுவனம் வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே கைவிட்டிருந்தது. 2010இல் சமரசம்: 1 இலட்சம் டொலர் ஜேக்கப்சனுக்கு.

சக்கர விளிம்பின் அளவைக் கூடியிருந்து எழுதிய பழக்கம், எம்.ஐ.ரி.யில் நிரலை இலாச்சியில் பொதுவாக வைத்த பழக்கம், இரவிரவாக விவரக் கோப்பு எழுதிச் சேர்த்த பழக்கம் எல்லாம் ஒரே பழக்கம். அதைத்தான் நீதிமன்றம் அங்கீகரித்தது. நல்லெண்ணம் மட்டும் போதாது, எழுதப்பட்ட நிபந்தனையும் அதற்காக நிற்க ஆளும் வேணும் என்பதும் இதே வழக்கிலிருந்து தெரிகிறது.

எங்கிருந்து எங்கே?

மென்பொருள் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடவில்லை. இரண்டு தண்டவாளத்திலும் மின்சாரம் போகிற பாதையை வளைத்துத் தன்னோடேயே சேர்த்தால் இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தோடு முட்டும், குறுஞ்சுற்று. திரையில் அழகாக ஒட்டிய பாதை மேசையில் ‘ஷோர்ட்’ ஆகி நிற்கும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இவ்வளவு சுலபமாகத் துண்டுகளை ஒட்ட முடியும்போது, இருக்கிற இடம் முழுக்கத் தண்டவாளத்தால் நிரப்பிவிடத் தோன்றும். ஆம்ஸ்ட்ரோங் கேட்ட முதல் கேள்வியை எந்தப் பொத்தானும் கேட்பதில்லை: இந்த றெயில் யாரை, எதை, எங்கிருந்து எங்கே கொண்டுபோகிறது?

உண்மையான பாதைகளுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் றெயில் ஓடியபோது அதற்குத் தெளிவான பதில் இருந்தது: மலையின் கோப்பியைத் துறைமுகத்துக்கு. பாதை வரைந்தவன் யார், யாருக்காக வரைந்தான் என்பது தண்டவாளம் போட்ட இடத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

எங்கட தலைமுறைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. தமிழில் எழுத்துரு, விசைப்பலகை, எழுத்துப்பிழை திருத்தி, எண்ணிம நூலகம் எண்டு நாங்கள் தினமும் பாவிக்கிறவற்றில் எத்தனையோ இப்படிச் சம்பளமில்லாத ஆக்களின் உழைப்பு. ‘சும்மா கிடைக்கிறதுதானே’ எண்டு அதன் உரிமத்தை வாசிக்காமல், செய்தவரின் பெயரைப் போடாமல் எடுத்துப் பாவிக்கிறது எங்களுக்குள்ளும் சாதாரணம். ஜேக்கப்சன் அஞ்சு வருடம் அலைந்தது கோடிக் கணக்கான பணத்துக்காக இல்லை, யார் செய்தது எண்டு எழுது எண்டு கேட்டதற்காக. ஒரு பொது வேலையை நாளைக்கும் உயிரோடு வைத்திருக்க அந்த ஒரு வரி எவ்வளவு தேவை என்பதை மேசைமேல் றெயில் ஓட்டியவர்கள் எங்களுக்கு முன்னமே விளங்கியிருந்தார்கள்.